இரண்டு மைக்கும் எட்டுக் குரலும்



குழந்தையின் மாந்தம் முதல் கிணற்று மோட்டார் வரை எத்தனையோ வினாக்களை இப்பகுதிக்கு எழுதி அனுப்புகின்றீர்கள். இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டுள்ள கடிதம் சற்றே மாறுபட்டது. திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டுள்ளார்.

தஞ்சையில் ஓர் அலுவலகத்தில் பணிபுரியும் அவர், தம் வீட்டில் முன்னாளில் நெல் அடுக்கி வைத்திருந்த உள்ளறையை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருக்கிறார். ஒரு மடிக்கணினி, இரண்டு மைக்குகள், அவ்விரண்டையும் கணினியுடன் இணைக்கும் ‘ஆடியோ இன்டர்பேஸ்’ என்ற சிறு பெட்டி ஆகியவையே அவர் உடைமை. ஞாயிறுதோறும் தனிப்பாடல்களைப் பதிவு செய்து பழகியவர், இப்போது இரண்டு பெரிய பணிகளைக் கையில் எடுக்க விரும்புகிறார். ஒன்று, தம் பங்கின் பாடற்குழுவைப் பதிவு செய்வது. மற்றொன்று, 80 வயதை நெருங்கும் தம் அப்பாயியும் அவருடன் ஒரு காலத்தில் நடவு நட்ட ஏழு பெண்களும் பாடும் நடவுப் பாட்டுகளைப் பதிவு செய்வது.

கடிதத்தின் இறுதி வரிகளே என்னை வருத்தின. “எட்டு மைக் சொருகும் பெட்டி வாங்கக் கையில் பணமில்லை. அம்மா தம் சங்கிலியை அடகு வைத்துக்கொள் என்கிறார். அப்பாயிக்குச் சென்ற மாதம் மூச்சுத் திணறல் வந்து போயிற்று. வைக்கலாமா ஐயா?” என்று முடித்திருக்கிறார்.

தம்பி, உங்கள் வினாவுக்கு விடையைக் கடைசியில் கூறுகிறேன். அதற்கு முன் சில கணக்குகளைப் பார்த்துவிடுவோம்.

எட்டு என்பது எங்கிருந்து வந்தது?

பாடுவோர் எட்டுப் பேர். ஆகவே மைக்கும் எட்டு என்று எண்ணியிருக்கிறீர்கள். பந்தியில்தான் தலைக்கு ஓர் இலை போட வேண்டும். ஒலிப்பதிவில் அக்கணக்குப் பொருந்தாது. பதிவு முடிந்த பின்னர் எந்தெந்த ஒலியைத் தனியே கூட்டவும் குறைக்கவும் வேண்டுமோ, அந்த ஒலிக்கு மட்டுமே தனி மைக் தேவை.

உங்கள் பாடற்குழுவை எடுத்துக்கொள்வோம். முன்பாடகருக்கு ஒன்று, குழுவினருக்கு இரண்டு, தபேலாவின் இரு பாகங்களுக்கும் இரண்டு, ஆர்மோனியத்துக்கு ஒன்று என ஆறு ஆகின்றன. கீபோர்டுக்கு மைக் வேண்டியதில்லை. அதன் பின்புறத்திலிருந்து கம்பி வழியாகவே ஒலியைப் பெட்டிக்குக் கொண்டுவந்துவிடலாம். தபேலாவுக்கு இரண்டு என்பதும் வசதியே அன்றிக் கட்டாயமன்று. ஆக, எட்டு என்று தொடங்கிய கணக்கு ஐந்தாகக் குறைந்துவிட்டது. கடைக்குச் செல்லும் முன் ஒரு தாளில் இக்கணக்கை எழுதிப் பாருங்கள். ஒலிப்பதிவில் சேமிக்கக்கூடிய முதல் தொகை அத்தாளில்தான் இருக்கிறது.

இனி, ‘மைக் சொருகும் துளை’ என்றால் என்ன என்பதை அறிந்துகொள்ள வேண்டும். மைக்கிலிருந்து வரும் மின்னலை மிக மெலிந்தது. வோல்ட் கணக்கில் ஆயிரத்தில் சில பங்கே இருக்கும். கீபோர்டு முதலிய கருவிகளிலிருந்து வருவதோ அதைவிடப் பன்மடங்கு வலுவானது. வாய்க்கால் மட்டம் வயலுக்கு மேலே இருந்தால் மடையைத் திறந்தவுடன் நீர் தானே பாயும். மட்டம் கீழே இருந்தால் ஏற்றம் போட்டு இறைக்க வேண்டும் அன்றோ? மைக்கின் மெல்லிய அலையை இறைத்து மேலேற்றும் அந்த ஏற்றத்திற்குத்தான் ‘ப்ரீ-ஆம்ப்’, அதாவது முன்பெருக்கி, என்று பெயர். சில வேளைகளில் அது அலையை ஆயிரம் மடங்கு வரை பெருக்க நேரும். பெட்டியின் விலையில் ஒரு பங்கு நல்ல முன்பெருக்கிகளுக்குப் போகிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். பெட்டியின் பெயரில் காணும் எண் மைக்குகளின் எண்ணிக்கையன்று. எடுத்துக்காட்டாக, போகஸ்ரைட் நிறுவனத்தின் ‘ஸ்கார்லெட் 18ஐ8’ என்ற பெட்டியின் பெயரில் 18 உள்வழிகள் சொல்லப்படுகின்றன. ஆனால் மைக் முன்பெருக்கிகள் 4 மட்டுமே. மற்றவை கருவிகளுக்கான வழிகளும் எண்முறை வழிகளும் ஆகும். அதே வரிசையில் ‘18ஐ20’ என்பதில்தான் 8 முன்பெருக்கிகள் உள்ளன. ஆகவே, “எத்தனை உள்வழி?” என்று கேளாமல், “எத்தனை மைக் ப்ரீ-ஆம்ப்?” என்று கேட்க வேண்டும்.

ஒரே மைக் கற்பித்த பாடம்

என் அனுபவம் ஒன்றையும் இங்கே கூறிவிடுகிறேன். 1987-ஆம் ஆண்டு எங்கள் ஊர்ப் பாடற்குழுவின் பாடல்களை ஒலிநாடாவில் பதிக்க முயன்றோம். வாடகைக்கு ஆறு மைக்குகளும் ஒரு மிக்ஸரும் எடுத்தோம். ஆறு பாடகர்களைத் தோளோடு தோள் நிறுத்தி ஆளுக்கொரு மைக்கை நீட்டினோம். போட்டுக் கேட்டால், குரல்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவனபோல் ஒலித்தன. காரணம் அன்று எங்களுக்கு விளங்கவில்லை. பழுது மைக்கில் என்று எண்ணி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தோம். மாலையில் மின்சாரமும் நின்றது. குழுவில் மூத்தவரான முதியவர் ஒருவர், அரிக்கேன் விளக்கருகே அமர்ந்து, மின்கலத்தில் இயங்கிய ஒரு சிறு டேப் ரெக்கார்டரின் முன் இரண்டு பாடல்கள் பாடினார். அந்தக் கருவியில் உள்ளடங்கியிருந்த ஒரே மைக்தான் அன்று எங்களிடம் எஞ்சியது.

ஆறு மைக் வைத்துப் பதித்த நாடாவை நாங்கள் மறுமுறை கேட்கவே இல்லை. முதியவரின் இரண்டு பாடல்கள் இன்றும் எங்களிடம் உள்ளன. அவர் அடுத்த ஆண்டே மறைந்துவிட்டார்.

அதே 1987-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் இதன் மறுபக்கம் நிகழ்ந்தது. ‘கவ்பாய் ஜங்கீஸ்’ என்னும் இசைக்குழுவினர் அந்நகரத் தூய தமத்திரித்துவ ஆலயத்தில் கூடினர். நடுவே ஒரே ஒரு மைக். அதனைச் சுற்றிப் பாடகியும் கருவியாளரும். யாருடைய ஒலி மிகுந்ததோ அவர் பின்னே நகர்ந்தார். குறைந்தவர் முன்னே வந்தார். அவ்வாறு பெரும்பாலும் ஒரே நாளில் பதிக்கப்பட்ட ‘தி டிரினிட்டி செஷன்’ என்ற தொகுப்பு உலகெங்கும் புகழ்பெற்றது. அவர்கள் பயன்படுத்திய ‘கால்ரெக்’ மைக் எளிய விலையுடையதன்று என்பது உண்மையே. ஆயினும், ஆட்களை நிறுத்தும் இடத்தாலேயே ஒலியளவைச் சமன் செய்யலாம் என்ற பாடத்திற்கு விலையில்லை. 1925-ஆம் ஆண்டு மின்வழி ஒலிப்பதிவு வருமுன், இசைத்தட்டுக்குப் பாடியோர் அனைவரும் ஒரு பெரிய குழலின் முன் நெருங்கி நின்று இவ்வாறே பாடினர்.

எங்கள் ஆறு மைக் ஏன் கெட்டது என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே எனக்கு விளங்கிற்று. காற்றில் ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஒருவர் குரல் தம் மைக்கையும் பக்கத்து மைக்கையும் அடைகிறது. ஆனால் பக்கத்து மைக்குக்குச் சற்றுத் தாமதமாகச் செல்கிறது. 34 செ.மீ. தொலைவு கூடினால் தாமதம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்விரண்டையும் ஒரே அளவில் கலக்கும்போது, நொடிக்கு 500 அதிர்வுள்ள ஒலியில் ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் அழிந்துவிடுகின்றன. அவ்வாறே மேலும் பல அதிர்வுகளிலும் ஒலி அறுபடுகிறது. கிணற்றுக் குரல் என்பது இதுவே. மைக் கூடக் கூட இந்த நோயும் கூடும்.

இதற்கு மருந்தாக ஒரு விதி உண்டு. பாடுவோர் வாய்க்கும் அவருடைய மைக்குக்கும் உள்ள தொலைவைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தொலைவு, மைக்குக்கும் மைக்குக்கும் இடையே இருத்தல் வேண்டும். வாய்க்கு 30 செ.மீ. தள்ளி ஒரு மைக் இருந்தால், அடுத்த மைக் 90 செ.மீ. அப்பால் இருக்கட்டும்.

காசில்லாமல் செய்யக் கூடியவை

இப்போது உங்கள் பாடற்குழுவுக்கு வருவோம். எல்லாரையும் ஒரே வேளையில் பதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கணினியில் தடங்களுக்குப் பஞ்சமில்லை, உள்வழிக்குத்தான் பஞ்சம். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குங்கள். முதலில் தாளத் துடிப்பொலியைக் காதணி ஒலிபெருக்கியில், அதாவது ஹெட்போனில், கேட்டுக்கொண்டே கீபோர்டைப் பதிக்கவும். அதனைக் கேட்டவாறு தபேலாக்காரர் இரண்டு மைக்கில் வாசிக்கட்டும். பின்னர் ஆர்மோனியம், அதன்பின் முன்பாடகர், இறுதியில் குழுவினர். குழுவை இருமுறை பாடச்செய்து இரண்டையும் சேர்த்தால் எட்டுப் பேர் பதினாறு பேராக ஒலிப்பர். ஒலி வெளியே கசியாத மூடிய வகை ஹெட்போன்களே இதற்கு ஏற்றவை. பீட்டில்ஸ் குழுவினர் 1967-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சார்ஜண்ட் பெப்பர்’ இசைத்தட்டு, நான்கே தடங்கள் கொண்ட நாடாக் கருவிகளில் இவ்வாறு அடுக்கி அடுக்கிப் பதிக்கப்பட்டது என்பதை நினைவில் கொள்க.

குழுவினர் முன் இரண்டு மைக் வைக்கும்போது, பிரான்சு வானொலியினர் வகுத்த முறை ஒன்று உண்டு. முன்புற ஒலியை மட்டும் மிகுதியாக ஏற்கும் ஒத்த மைக்குகள் இரண்டினை, 17 செ.மீ. இடைவெளியில், ஒன்றுக்கொன்று 110 பாகை விலகி நோக்குமாறு வைக்க வேண்டும். நம் இரு செவிகளின் இடைவெளியை ஒட்டியது இது. பிறை வடிவில் நிற்கும் குழுவுக்கு இம்முறை மிகவும் பொருந்தும்.

ஆனால் அப்பாயியின் பாட்டை இவ்வாறு அடுக்கிப் பதிக்க இயலாது. நடவுப் பாட்டு ஒருவர் முன்னே பாட, மற்றவர் பின்னே வாங்கிப் பாடுவது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, குனிந்து நிமிரும் உடலின் அசைவோடு எழுவது. காதில் ஹெட்போனை மாட்டித் தனித்தனியே பாடச் சொன்னால் பாட்டு அங்கேயே நின்றுவிடும். எனவே அதனை ஒரே வேளையில்தான் பதிக்க வேண்டும்.

அதற்கு இரண்டு மைக் போதும், தம்பி. பாட்டின் அமைப்பே முன்பாடுவோர், பின்பாடுவோர் என இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அப்பாயியை ஒரு பக்கம் அமர்த்தி, எதிரே ஏழு பேரையும் பிறைபோல் அமர்த்துங்கள். ஒரு மைக் அப்பாயியை 30 செ.மீ. தொலைவில் நோக்கட்டும், அதன் முதுகு ஏழு பேர் பக்கம் இருக்கட்டும். மற்ற மைக் பிறையின் நடுவே, எல்லாரிடமிருந்தும் ஒரு மீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவில், அவர்களை நோக்கி நிற்கட்டும்; அதன் முதுகு அப்பாயி பக்கம் இருக்கட்டும். இத்தகைய மைக்குகள் முதுகுப்புற ஒலியை மிகக் குறைவாகவே ஏற்பதால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கா. குரல் ஓங்கியவரைச் சற்றுப் பின்னே அமர்த்துங்கள். இதற்கு நீங்கள் வாங்க வேண்டிய பொருள் ஒன்றுமில்லை.

சிறு செலவில்

ஆலய விழாவுக்கெனப் பங்கில் வைத்திருக்கும் சிறு மிக்ஸரை ஒருநாள் இரவல் கேட்கலாம். நான்கு மைக்கை மிக்ஸரில் சொருகி, அதன் இடவல வெளிவழிகள் இரண்டையும் உங்கள் பெட்டியின் ‘லைன்’ உள்வழிகளில் இணைத்தால், இரண்டு துளையில் நான்கு மைக் வந்துவிடும். குறை யாதெனில், கலந்தது கலந்ததே. தபேலா மிகுந்துவிட்டது என்று பின்னர் வருந்திப் பயனில்லை. பாலிலிருந்து நீரைப் பிரிக்க அன்னப்பறவை வேண்டும். எனவே ஒரு பாடலைப் பதித்துக் கேட்டு, அளவுகளைத் திருத்திய பின்னரே தொடர வேண்டும்.

இதனினும் சிறந்த வழி ஒன்று நம் மாவட்டத்திலேயே தெருவுக்குத் தெரு இருக்கிறது. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் ஒலி, ஒளி அமைக்கும் சவுண்ட் சர்வீஸ்காரர்களில் பலர் இன்று டிஜிட்டல் மிக்ஸர் வைத்திருக்கின்றனர். எடுத்துக்காட்டாக, பெரிஞ்சர் நிறுவனத்தின் ‘எக்ஸ்32’ என்ற மிக்ஸரில் 32 மைக் முன்பெருக்கிகள் உள்ளன. ஒரே யூ.எஸ்.பி. கம்பியால் 32 தடங்களையும் தனித்தனியே கணினிக்கு அனுப்பலாம். ஒருநாள் வாடகைக்கு எடுத்தால் பாடற்குழு முழுவதையும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம். மணவிழாக்கள் குறைந்த ஆடியிலும் மார்கழியிலும் இக்கருவிகள் சும்மா இருக்கக்கூடும். வாடகையும் பேசிக் குறைக்கலாம்.

எல்லா டிஜிட்டல் மிக்ஸரும் இவ்வாறு தடம் பிரித்துத் தரும் என்று எண்ண வேண்டா. அதே நிறுவனத்தின் ‘எக்ஸ்ஆர்18’ தடங்களைப் பிரித்துக் கணினிக்கு அனுப்பும். ‘எக்ஸ்ஆர்16’, ‘எக்ஸ்ஆர்12’ ஆகியவை இடவலம் இரண்டாகக் கலந்து பென் டிரைவில் மட்டுமே பதிக்கும். ஆகவே முதல் நாளே உங்கள் மடிக்கணினியை எடுத்துச் சென்று, தேவையான டிரைவர் மென்பொருளை ஏற்றி, ஒரு நிமிடமாவது பதித்துப் பார்த்துவிடுங்கள். கணினியில் இடமும் வேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் எட்டுத் தடங்களை ஒரு மணி நேரம் பதித்தால் 4 ஜி.பி.க்குச் சற்று மிகுதியாகும்.

பெட்டியின் முதுகைப் பாருங்கள்

நிலையாகவே மைக் வழிகளைப் பெருக்க விரும்பினால், புதிய பெட்டியைத் தேடுமுன் பழைய பெட்டியின் முதுகைப் பாருங்கள். அங்கே ‘ஆப்டிகல் இன்’ அல்லது ‘ஏடாட்’ என்று எழுதிய சிறு சதுரத் துளை இருந்தால் நீங்கள் பேறு பெற்றவர். 1990-களின் தொடக்கத்தில் அலெசிஸ் நிறுவனம் ‘ஏடாட்’ என்னும் எட்டுத் தடப் பதிவுக் கருவியை வெளியிட்டது. வீடியோ நாடாவில் எட்டுத் தட ஒலியைப் பதித்த அக்கருவியால்தான் பல வீடுகளில் ஒலிப்பதிவுக் கூடங்கள் தோன்றின. கருவி வழக்கொழிந்துவிட்டது. ஆனால், ஒரே ஒளியிழைக் கம்பியில் எட்டுத் தடங்களை அனுப்ப அது வகுத்த முறை இன்றும் வாழ்கிறது.

அத்துளை இருந்தால், ‘பெரிஞ்சர் ஏடிஏ8200’ போன்ற எட்டு முன்பெருக்கிப் பெட்டி ஒன்றை வாங்கி, ஒளியிழைக் கம்பியால் இணைத்துவிடலாம். இரண்டு பத்தாகிவிடும். 48 கிலோஹெர்ட்ஸ் வரையில் எட்டுத் தடமும் கிடைக்கும். 96 கிலோஹெர்ட்ஸில் இம்முறை நான்கு தடமே தரும். பாட்டுக்கு 48 போதும். இரண்டு பெட்டிகளுள் ஒன்றே காலத்தை அளக்கும் தலைமைக் கடிகாரமாக இருக்குமாறும், மற்றது அதனைப் பின்பற்றுமாறும் அமைக்க மறவாதீர். இல்லையேல் பதிவில் ‘டிக், டிக்’ என்னும் ஒலி இடையிடையே விழும்.

ஒளித் துளை இல்லாமல், பயன்படாத ‘லைன்’ துளைகள் மட்டும் இருந்தால், அத்தனை தனி முன்பெருக்கிகளை இணைத்துக்கொள்ளலாம். இரண்டும் இல்லாத பெட்டியாயின் அதனை விற்றுவிட்டு, நான்கோ எட்டோ முன்பெருக்கியுள்ள ஒரே பெட்டியை வாங்குவதே முடிவில் சிக்கனம். கடிதத்தில் நீங்கள் வரைந்து காட்டிய படத்தின்படி உங்கள் பெட்டி இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது.

செய்யத் தகாதவை

இரண்டு மைக்கை ஒரு ‘ஒய்’ வடிவக் கம்பியால் சேர்த்து ஒரே துளையில் சொருகாதீர். ஒன்று மற்றொன்றுக்குச் சுமையாகி இரண்டின் ஒலியும் மெலியும். அளவைத் தனித்தனியே மாற்றவும் வழியிராது.

இரண்டு மலிவான பெட்டிகளை வாங்கி ஒரே கணினியில் சொருகிவிடலாம் என்று எண்ணாதீர். விண்டோஸ் கணினிகளில் பதிவு மென்பொருள் பொதுவாக ஒரு வேளையில் ஒரே ஏ.எஸ்.ஐ.ஓ. கருவியைத்தான் ஏற்கும். மேக் கணினிகளில் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கும் வசதி உண்டு. ஆயினும் இரண்டு பெட்டிகளின் கடிகாரமும் ஒத்து ஓடா. பத்து இலட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே, ஐந்து நிமிடப் பாடலின் முடிவில் ஒரு நொடியில் ஆயிரத்தில் 15 பங்கு விலகிவிடும். ஒரு பாடலுக்கு இதைத் திருத்திக்கொள்ளலாம்; ஒரு மணி நேரப் பதிவுக்குத் திருத்துவது பெரும்பாடு.

பழைய பொருள் வாங்குவோர், ஒவ்வொரு துளையிலும் மைக்கைச் சொருகிப் பேசிப் பார்க்க வேண்டும். திருகுகளைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா, கண்டென்சர் மைக்குக்குரிய 48 வோல்ட் ‘பான்டம் பவர்’ எல்லாத் துளையிலும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் கணினிக்கு ஏற்ற டிரைவர் இன்னும் கிடைக்கிறதா என்று உறுதி செய்யாமல் பணம் கொடுக்க வேண்டா. ‘ஃபயர்வயர்’ இணைப்புள்ள பழைய பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. இன்றைய மடிக்கணினிகளில் அந்தத் துளையே இல்லை.

மைக் ஒன்று கூடினால் அதனோடு ஒரு தாங்கி, ஒரு கம்பி, ஒரு சொருகு முனை எல்லாம் கூடும். எட்டுத் துளைப் பெட்டியின் விலையை மட்டும் கணக்கிட்டுக் கடன் வாங்கியவர், எட்டு மைக்குக்கும் எட்டுத் தாங்கிக்கும் மீண்டும் கடன் வாங்குவார். மேலும், இரண்டு மைக் பெட்டி மடிக்கணினியின் மின்சாரத்திலேயே இயங்கும். எட்டு மைக் பெட்டிக்குப் பெரும்பாலும் சுவர் மின்சாரம் வேண்டும். மின்தடை மிகுந்த நம் ஊர்களில் இதுவும் எண்ணத் தக்கது.

அறையே பாதி மைக்

நெல் அறை என்று எழுதியிருக்கிறீர்கள். வெறுஞ்சுவர் ஒலியைத் திருப்பி அடிக்கும். அடுக்கிய நெல்மூட்டையும் இலவம்பஞ்சு மெத்தையும் தொங்கவிட்ட கனத்த போர்வையும் ஒலியை விழுங்கும். பாடுவோரின் பின்னே இவற்றை வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பம்பு செட்டு ஓயும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மழைக்குப் பிந்திய இரவுகளில் தவளைக்கு விடுமுறை இல்லை என்பதால் பகலே நலம். ஒலியளவு காட்டியின் உச்சி, பூச்சியத்துக்குக் கீழே 12 டெசிபெல் அளவில் நிற்கட்டும். உணர்ச்சி மிகுந்து குரல் உயரும்போது அந்த இடைவெளி காக்கும்.

மணல் தட்டிய பாய் விரித்து அமர்த்துங்கள். பதிவுக் கூடம் என்ற எண்ணமே அவர்களுக்கு வாராதிருக்கட்டும். பாடுமுன் ஒவ்வொருவரும் தம் பெயரையும் ஊரையும் எந்த வயலில் எப்போது பாடினார் என்பதையும் சொல்லட்டும், அதனையும் பதியுங்கள். அவர்கள் இசைவு பெறாமல் வெளியே பரப்ப வேண்டா. சுருக்காத ‘வேவ்’ கோப்பாகச் சேமித்து, வெவ்வேறு இடங்களில் மூன்று படிகள் வையுங்கள். எட்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு படி கொடுங்கள்.

சங்கிலி

இப்போது உங்கள் வினாவுக்கு வருகிறேன். சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். அது அங்கே இருப்பதால் உங்கள் கலைக்கு ஒரு குறையும் வாராது. பாடற்குழுவின் பதிவு காத்திருக்கக் கூடியது; அதனை இப்போதுள்ள இரண்டு மைக்கில் அடுக்கிப் பதிக்கலாம், அல்லது ஆடி மாதம் மிக்ஸர் வாடகைக்கு எடுத்து முடிக்கலாம். மாதந்தோறும் சிறு தொகை சேர்த்து அடுத்த ஆண்டு நான்கு மைக் பெட்டி வாங்கலாம். அதற்குள் உங்கள் செவியும் தேர்ந்துவிடும்.

காத்திராதது ஒன்றே ஒன்று. நடவு இயந்திரம் வந்த வயல்களில் பாட்டு நின்றுவிட்டது. அப்பாட்டை உடலோடு அறிந்தவர்கள் உங்கள் தெருவில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவருக்குச் சென்ற மாதம் மூச்சுத் திணறிற்று. எட்டுத் துளைப் பெட்டி வரும் நாளில் எட்டுக் குரலும் இருக்கும் என்று யாரால் உறுதி கூற இயலும்?

வரும் ஞாயிறு பிற்பகல், அப்பாயிக்கு மூச்சு சீராக உள்ள வேளை பார்த்து, ஏழு வீட்டுக்கும் சென்று அழைத்து வாருங்கள். வெற்றிலையும் காப்பியும் கொடுத்துச் சற்று நேரம் பேசவிடுங்கள். பேச்சினூடே யாரேனும் ஒருவர் தொடங்குவார். அதற்கு முன்பே பதிவுப் பொத்தானை அழுத்தியிருங்கள். களைத்தால் இரண்டு பாட்டோடு நிறுத்தி, மீதியை அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.